ஐஸ் குச்சிப் பாலம்: கட்டுதலும் சோதித்தலும்

ஐஸ் குச்சிப் பாலம் என்பது குச்சி ஐஸில் இருக்கும் தட்டையான மரக்குச்சிகளையும் பசையையும் கொண்டு கட்டப்படும் மாதிரிப் பாலம் ஆகும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும், பொறியியல் கல்லூரிகளின் கட்டடப் பொறியியல் துறை விழாக்களிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. பாலத்தின் மேல் எடையை ஏற்றி, அது உடையும்வரை சோதிப்பது இச்செயற்பாட்டின் முக்கியப் பகுதியாகும். போட்டிகளில் பாலம் தாங்கிய எடையை அதன் சொந்த எடையால் வகுத்து வரும் எண்ணே பெரும்பாலும் மதிப்பெண்ணாகக் கொள்ளப்படுகிறது.

பள்ளிக் கண்காட்சிகளில் இத்தகைய பாலங்கள் பலவும் வண்ணம் பூசி மேசையில் வைக்கப்படுவதோடு நின்றுவிடுகின்றன. பாலம் உடைந்துவிடும் என்ற அச்சத்தால் யாரும் எடை ஏற்றுவதில்லை. இதனால் பாடத்தில் பாதி விடுபட்டுப் போகிறது. ஒரு பாலம் எங்கே, ஏன் உடைகிறது என்பதை அது உடையும்போதுதான் அறிய முடியும்.

பார்த்துப் பழக வேண்டிய பாலங்கள்

மாதிரி கட்டுவதற்கு முன் உண்மையான பாலங்களைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் நீலகிரி மலை ரயில் ஊரைத் தாண்டியதுமே பவானி ஆற்றைக் கடக்கிறது. 46 கி.மீ. நீளமுள்ள அப்பாதையில் 250 பாலங்களும் 16 குகைகளும் உள்ளன. மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி 1899இல் திறக்கப்பட்டது; பாதை 1908இல் உதகையை எட்டியது. கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலம் சுமார் 10 கி.மீ. நீளமானது. அது தூண்களின் மேல் அமைந்த கான்கிரீட் தளம். முக்கோணச் சட்டகம் அதில் இல்லை.

முக்கோணச் சட்டகத்தைப் பார்க்க விரும்புவோர் பாம்பனுக்குச் செல்லலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் தூக்குக் கண்ணும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் செங்குத்தாக மேலெழும் 72.5 மீட்டர் கண்ணும் இரும்பு முக்கோணங்களால் ஆனவை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பழைய நூற்பாலைக் கொட்டகைகளையும், தகரக் கூரை போட்ட கல்யாண மண்டபங்களையும் அண்ணாந்து பார்த்தாலே போதும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் இதே முறையில்தான் அமைந்திருக்கும். இவ்வகைச் சட்டகத்தைப் பொறியாளர்கள் டிரஸ் என்பர்.

முக்கோணத்தின் சிறப்பு

நான்கு குச்சிகளின் முனைகளைக் குண்டூசியால் இணைத்து ஒரு சதுரம் செய்து, ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். குச்சிகளில் எதுவும் நீளவோ உடையவோ இல்லை. கோணங்கள் மட்டுமே மாறின. மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை அவ்வாறு சரிக்க முடியாது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் மூன்று கோணங்களும் முடிவாகிவிடும். முக்கோணத்தின் வடிவம் மாற வேண்டுமானால் ஏதேனும் ஒரு குச்சி நீள வேண்டும், குறுக வேண்டும் அல்லது உடைய வேண்டும்.

இதனால் டிரஸில் உள்ள ஒவ்வொரு குச்சியும் இரண்டில் ஒரு வேலையைத்தான் செய்கிறது. ஒன்று, இரு முனைகளிலும் இழுக்கப்படுவது, இது இழுவிசை. மற்றொன்று, இரு முனைகளிலிருந்தும் நெருக்கப்படுவது; இது அமுக்குவிசை. எந்தக் குச்சி எந்த வேலையைச் செய்கிறது என்று அறிவதே பாலம் கட்டுவதன் அடிப்படை.

கீழே விளக்கப்படும் பாலம் சமபக்க முக்கோணங்களால் ஆனது. இவ்வடிவத்துக்கு 1848இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாரன் என்ற ஆங்கிலேயரின் பெயரால் இது வாரன் டிரஸ் எனப்படுகிறது. எல்லாக் குச்சிகளும் ஒரே நீளம் என்பதால் ஐஸ் குச்சிக்கு இது மிகவும் பொருந்தும். சட்டகத்துக்காக எந்தக் குச்சியையும் வெட்ட வேண்டியதில்லை.

தேவையான பொருட்கள்

- ஐஸ் குச்சிகள் 60 (தேவை 53, மற்றவை கழிவுக்கு). கடைகளில் கிடைப்பவை பொதுவாக 11.4 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ளவை.
- மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை
- பருத்தி நூல்
- துணி கிளிப்புகள் 20
- வரைதாள், அதன் மேல் விரிக்கப் பாலித்தீன் தாள்
- அளவுகோல், கவராயம், பென்சில்

குச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வளைந்தவற்றையும் முடிச்சு உள்ளவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். சற்றே வளைந்த குச்சி இழுவிசைக்கு உதவும், அமுக்குவிசைக்கு உதவாது. காரணம் பின்னர் விளங்கும்.

கட்டும் முறை

1. குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று 1 செ.மீ. படியுமாறு ஒட்டப்படுவதால், ஒரு கணுவின் மையத்திலிருந்து அடுத்த கணுவின் மையம் 10.4 செ.மீ. தொலைவில் இருக்கும். வரைதாளில் 41.6 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, அதை நான்காகப் பிரித்து, அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து கணுக்களைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் மேலும் கவராயத்தால் சமபக்க முக்கோணம் வரைந்தால் க, ச, த, ப என நான்கு மேல் கணுக்கள் கிடைக்கும். சட்டகத்தின் உயரம் 9 செ.மீ.

2. வரைபடத்தின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, கோடுகளின் மேலேயே குச்சிகளை வைத்து ஒட்ட வேண்டும். கீழ்வரிசைக்கு 4, மேல்வரிசைக்கு 3, சாய்குச்சிகள் 8, ஆக 15 குச்சிகள். ஒவ்வொரு கணுவையும் துணி கிளிப்பால் கவ்வி ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகலாம்.

3. இதேபோல் இரண்டாவது சட்டகத்தைச் செய்ய வேண்டும். இரண்டும் இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று எதிர்ப் பிம்பமாக இருந்தால் பாலம் கோணாது.

4. இரு சட்டகங்களையும் நிமிர்த்தி நிறுத்தி, கீழ்க் கணுக்களில் 5, மேல் கணுக்களில் 4 என 9 குறுக்குக் குச்சிகளால் இணைக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துச் செங்கோணத்தைச் சரிபார்ப்பது அவசியம்.

5. மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் இப்போது சதுரங்கள் உள்ளன. இவையும் சரியக்கூடியவை. சதுரத்தின் மூலைவிட்டம் 14.7 செ.மீ. என்பதால் ஐஸ் குச்சி எட்டாது. நூற்பாலைகளின் ஊரான கோவையில் நூலுக்கா பஞ்சம்! பருத்தி நூலை நான்கு இழையாக முறுக்கி, ஒவ்வொரு சதுரத்திலும் பெருக்கல் குறி போல இரு மூலைவிட்டங்களிலும் இறுக்கிக் கட்டி, பசை தடவ வேண்டும். பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள சாய்வான முகங்களிலும் அவ்வாறே கட்ட வேண்டும். நூல் இழுவிசையைத் தாங்கும், அமுக்கினால் துவண்டுவிடும். எனவேதான் இரு மூலைவிட்டங்களும் தேவை. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு நூல் இறுகி நிற்கும்.

பக்கவாட்டு விசையை அலட்சியம் செய்யக்கூடாது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் பாம்பன் பாலத்தின் தூண்கள் பெரும்பாலும் நின்றன. அவற்றின் மேலிருந்த இரும்பு உத்திரங்களோ பெரும்பாலும் கடலுக்குள் போயின. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது.

விசைக் கணக்கு

பாலத்தின் நடுவில் 10 கிலோ எடை தொங்குவதாகக் கொள்வோம். ஒரு சட்டகத்துக்கு 5 கிலோ; அதன் ஒவ்வொரு முனைத் தாங்கியும் 2.5 கிலோவைச் சுமக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கும் திருப்புத்திறன் விதியைக் கொண்டே குச்சிகளில் உள்ள விசைகளைக் கணக்கிடலாம்.

எடுத்துக்காட்டாக, நடு மேல்குச்சி ச–த. பாலத்தை நடுவில் வெட்டியதாக எண்ணி, இ கணுவைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால், முனைத் தாங்கியின் விசை 2.5 கிலோ, அதன் தொலைவு 20.8 செ.மீ.; பெருக்கினால் 52. இதைச் சட்டகத்தின் உயரமான 9 செ.மீ.-ஆல் வகுத்தால் 5.8 கிலோ. இதேபோல் மற்றவற்றையும் கணக்கிட்டால்:

- நடு மேல்குச்சி (ச–த): 5.8 கிலோ, அமுக்குவிசை
- ஓர மேல்குச்சிகள் (க–ச, த–ப): 2.9 கிலோ, அமுக்குவிசை
- நடுக் கீழ்க்குச்சிகள் (ஆ–இ, இ–ஈ): 4.3 கிலோ, இழுவிசை
- ஓரக் கீழ்க்குச்சிகள் (அ–ஆ, ஈ–உ): 1.4 கிலோ, இழுவிசை
- சாய்குச்சிகள் எட்டும்: தலா 2.9 கிலோ. இவற்றில் அ–க, ஆ–ச, த–ஈ, ப–உ ஆகிய நான்கும் அமுக்குவிசை. மற்ற நான்கும் இழுவிசை.

(அறிவியல் முறைப்படி விசையை நியூட்டனில் கூற வேண்டும், 1 கிலோ எடை ஏறத்தாழ 9.8 நியூட்டன். எளிமைக்காக இங்குக் கிலோவிலேயே கூறப்படுகிறது.)

நெளிவு: பாலத்தின் முதல் எதிரி

ஓர் ஐஸ் குச்சியை இரு முனைகளிலும் பிடித்து இழுத்து அறுக்க யாராலும் எளிதில் முடியாது. அதன் குறுக்குப் பரப்பு 20 சதுர மி.மீ.; நல்ல குச்சியை இழுத்து அறுக்க ஏறத்தாழ 100 கிலோ தேவைப்படலாம். அதே குச்சியை மேசை மேல் நிறுத்தி, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தினால் சில கிலோவிலேயே வில்லாக வளைந்துவிடும். இதுவே நெளிவு. மரம் நசுங்கியதால் இது நேர்வதில்லை. மெல்லிய நீண்ட உறுப்பு நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் விலகுவதால் நேர்கிறது.

எந்த விசையில் நெளிவு தொடங்கும் என்பதற்கான சூத்திரத்தை 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்டறிந்தார். அதன்படி, நீளம் இரட்டிப்பானால் தாங்கும் விசை நான்கில் ஒன்றாகக் குறையும். தடிமன் இரட்டிப்பானால் தாங்கும் விசை எட்டு மடங்காகும். 10.4 செ.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள குச்சிக்கு, மரத்தின் மீள்தன்மையை வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டால், விடை சுமார் 6 கிலோ.

இப்போது முன் கண்ட பட்டியலைப் பார்க்கலாம். பாலத்தில் 10 கிலோ தொங்கும்போது ச–த குச்சியில் 5.8 கிலோ அமுக்குவிசை இருக்கிறது. அதாவது ஒற்றைக் குச்சிகளால் கட்டிய பாலம் 10 கிலோவைச் சற்றுத் தாண்டியதும் நடு மேல்குச்சியில் நெளியத் தொடங்கும். அந்நேரத்தில் கீழ்க்குச்சிகள் தங்கள் வலிமையில் இருபதில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தியிருக்கமாட்டா.

எனவே கூடுதல் குச்சிகளை எங்கே ஒட்டுவது என்பது தெளிவாகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் மேல்குச்சிகள் 3, அமுக்குவிசை பெறும் சாய்குச்சிகள் 4 ஆகிய ஏழின் மேலும் இன்னொரு குச்சியை முழு நீளத்துக்கும் பசை தடவி ஒட்ட வேண்டும். இரு சட்டகங்களுக்கும் 14 குச்சிகள். தடிமன் 4 மி.மீ. ஆவதால் ஒவ்வொன்றும் சுமார் 49 கிலோவரை நெளியாது. முழு நீளத்துக்கும் ஒட்டுவது முக்கியம். முனைகளில் மட்டும் ஒட்டினால் இரு குச்சிகளும் தனித்தனியே வளையும். வலிமை எட்டு மடங்காகாது, இரண்டு மடங்கே ஆகும். ஒற்றுமையே பலம் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

கீழ்வரிசையை இரட்டிப்பாக்குவது பெரும்பாலான மாணவர்கள் செய்யும் தவறு. எடை கீழே தொங்குவதால் கீழேதான் வலு வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

சோதிக்கும் முறை

ஒரே உயரமுள்ள இரு மேசைகளை 40 செ.மீ. இடைவெளியில் வைத்து, பாலத்தை அவற்றின் மேல் வைக்க வேண்டும். முனைக் கணுக்கள் மேசையின் விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். நடுக் கணுவான இ-இல் இரு சாய்குச்சிகளும் கவட்டை போல விரிந்திருக்கும். இரு சட்டகங்களின் கவட்டைகளிலும் படியுமாறு 16 செ.மீ. நீளமுள்ள உறுதியான கட்டையை வைத்து, அதிலிருந்து கயிற்றில் ஒரு பெரிய வாளியைத் தொங்கவிட வேண்டும். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அடியில் சாக்கு விரித்து வைக்கலாம்.

1. பாலத்தையும், வாளி–கயிறு–கட்டையையும் தனித்தனியே எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடைத் தராசு போதும். 53 குச்சிகளுள்ள பாலம் பொதுவாக 70 முதல் 90 கிராம் இருக்கும்.

2. அரை லிட்டர் குவளையால் வாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் எடைக்கற்கள் தேவையில்லை. வாளி நிறைந்துவிட்டால், அளந்து கட்டிய மணல் பைகளைச் சேர்க்கலாம்.

3. ஒவ்வொரு குவளைக்குப் பிறகும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுக் கணு எவ்வளவு இறங்கியது என்பதை அருகில் செங்குத்தாக நிறுத்திய அளவுகோலில் மி.மீ. கணக்கில் குறிக்க வேண்டும்.

4. எடை–இறக்கம் இரண்டையும் வரைபடத்தாளில் குறித்தால் தொடக்கத்தில் நேர்கோடு கிடைக்கும். கோடு வளையத் தொடங்கினால் ஏதோ ஒரு குச்சி நெளிகிறது அல்லது ஒரு கணு விடுகிறது என்று பொருள்.

5. ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் அளவைப் பார்க்க, மற்றொருவர் மேல்குச்சிகளை நேர்க்கோட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடிந்தால் கைப்பேசியில் படம்பிடிக்கலாம். உடையும் கணம் கண்ணுக்கு எட்டாது. கால்களை வாளிக்கு அடியில் நீட்டக்கூடாது. கண்ணாடி அணிவது நல்லது.

80 கிராம் எடையுள்ள பாலம் 24 கிலோவில் உடைந்தால் அதன் மதிப்பெண் 24,000 ÷ 80 = 300. இத்தாலியச் சேமியாக் குச்சிகளால் பாலம் கட்டும் போட்டி கனடாவின் ஒகனாகன் கல்லூரியில் நடந்துவந்தது. 2009இல் ஹங்கேரி மாணவர்கள் கட்டிய சேமியாப் பாலம் 443.58 கிலோ தாங்கியது. பொருளின் வலிமையைவிட அமைப்பின் வலிமை எவ்வளவு பெரியது என்பதற்கு இது சான்று.

உடைந்த பாலத்தைப் படித்தல்

உடைந்த துண்டுகளை உடனே பெருக்கித் தள்ளிவிடக்கூடாது. அவைதான் விடைத்தாள்.

- குச்சி வில்லாக வளைந்து நடுவில் முறிந்திருந்தால்: நெளிவு. அவ்வுறுப்பைத் தடிப்பாக்க வேண்டும்.
- குச்சிகள் முழுதாக இருந்து கணு மட்டும் பிரிந்திருந்தால்: பசை காயவில்லை அல்லது கிளிப் போடவில்லை. இரட்டிப்பாக்கிய பாலங்களில் கணக்கு சொல்லும் எடைக்கு வெகு முன்னரே உடைவது பெரும்பாலும் இதனால்தான்.
- பாலம் முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால்: நூல் கட்டு தளர்ந்திருந்தது அல்லது சட்டகங்கள் செங்குத்தாக இல்லை.
- கவட்டை பிளந்திருந்தால்: எடை இரு சட்டகங்களிலும் சமமாக அமரவில்லை.

கணக்கிட்ட எடையும் உடைந்த எடையும் ஒன்றாக இருப்பது அரிது. வேறுபாட்டை மறைக்காமல் எழுதி, காரணம் கூறுவதே நல்ல அறிக்கை. நேரமிருந்தால் ஒற்றை மேல்குச்சிப் பாலம் ஒன்றும், இரட்டை மேல்குச்சிப் பாலம் ஒன்றும் கட்டி ஒப்பிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இல்லையேல் எதனால் பலன் வந்தது என்று கூற இயலாது.

கியூபெக் தரும் பாடம்

மேல்குச்சியைக் கண் எடுக்காமல் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுவந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று வேலை முடியும் நேரத்தில் சரிந்தது. அதன் மேலிருந்த தொழிலாளர்களில் 75 பேர் இறந்தனர். அமுக்குவிசை பெற்ற உறுப்புகள் நெளிந்ததே காரணம். கண்ணின் நீளம் வடிவமைப்பின்போது அதிகரிக்கப்பட்டும், பாலத்தின் சொந்த எடை உரிய முறையில் மீண்டும் கணக்கிடப்படவில்லை.

இதில் வேதனையானது, அவ்வுறுப்புகள் நேர்கோட்டிலிருந்து விலகியதைக் களத்தில் இருந்தவர்கள் சில வாரங்களாகவே கண்டு அளந்து வந்தனர் என்பதுதான். குச்சி முன்பே வளைந்திருந்ததா, இப்போது வளைகிறதா என்ற விவாதம் கடிதங்களில் நடந்துகொண்டிருந்தது. மேலும் சுமை ஏற்றக்கூடாது என்ற தந்தி பணியிடத்தை எட்டும்முன் பாலம் ஆற்றில் விழுந்துவிட்டது. வகுப்பறையில் உடைவது எண்பது கிராம் மரம். அங்கே போனது உயிர்கள். நெளிவைக் கண்டவுடன் ஊற்றுவதை நிறுத்து என்று குரல் கொடுக்கும் பழக்கம் சிறு வயதிலேயே வர வேண்டும்.

மாதிரியும் உண்மையும்

மாதிரி தாங்கியதால் அதே வடிவில் பத்து மடங்கு பெரிய பாலமும் அதே விகிதத்தில் தாங்கும் என்று கருதக்கூடாது. எல்லா அளவுகளையும் பத்து மடங்காக்கினால் எடை 1,000 மடங்காகும். உறுப்புகளின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான் ஆகும். இதைக் கலீலியோ 1638இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். எனவே 80 கிராம் பாலம் தன் எடையைப் போல் 300 மடங்கு தாங்கினாலும், பெரிய பாலங்களில் வலிமையின் பெரும்பகுதி தன்னைத் தானே தாங்கிக்கொள்வதற்கே செலவாகிறது.

மாற்றுப் பொருட்கள்

ஐஸ் குச்சி வாங்க இயலாத இடங்களில் தென்னை ஈர்க்கு, மூங்கில் சிம்பு, இறுக்கிச் சுருட்டிய நாளிதழ் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். நாளிதழ்ச் சுருள் உள்ளீடற்ற குழாயாக இருப்பதால் அதே எடையுள்ள தட்டையான தாளைவிட நெளிவை நன்கு எதிர்க்கும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு தாள் போதும். இரு புத்தகங்களுக்கு நடுவே தட்டையாக வைத்த தாள் ஒரு நாணயத்துக்கே தொய்ந்துவிடும். அதே தாளை விசிறி போல மடித்து வைத்தால் பல நாணயங்களைத் தாங்கும். தாள் மாறவில்லை, பசை சேரவில்லை. மாறியது வடிவம் மட்டுமே.